பெயர் எழுதிக் கொடுத்த குமாஸ்தா

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆறு பேரும் வந்தார்கள். என் வீட்டுக்கு டியூஷன் வருகிற, வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகள். தேதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் மேசைக்கடியில் போன் பார்ப்பார்கள். வாதம் என்று விட்டால் மட்டும் நாற்காலி கொள்ளாது. இன்று ஓர் அரசனைக் கூண்டில் ஏற்றினோம். நான் 'வக்கீல்' என்று கூப்பிடும் பையன் தொண்டை கட்டும்வரை கத்தினான்.

"செத்தவங்களைத் திட்டி என்ன டீச்சர் ஆகப்போகுது? உயிரோட இருக்கிறவங்க யாரையாவது குடுங்க," என்றாள் கண்ணாடிக்காரி. குழுவில் கண்ணாடி போட்டவள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

கொடுத்துவிட்டேன்.

ஒரு பஞ்சாலை. நாற்பது நாள் வேலைநிறுத்தம். அதை நடத்துவது யாரென்று முதலாளிக்குத் தெரியவில்லை. ஆலைக் குமாஸ்தா மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். மூவருக்கும் வேலை போனது. ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குமாஸ்தா குற்றவாளியா?

எந்த ஊர் என்று சொல்லவில்லை. அந்தக் குமாஸ்தா என் அப்பா, பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார் என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்தது நான்தான்.

அம்மா சாவதற்கு முன் என்னிடம் சொன்னது இது. ஐந்து வருஷமாக அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை.

"அந்தாளு சோறுதான் தின்னானா?" என்றான் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்பா ஓயாமல் இருமுகிறவர். ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

அப்பா காபி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு குளிர்ச்சி — இதை எழுத வெட்கமாக இல்லையா எனக்கு? இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

இன்றே முடித்திருக்கலாம். தீர்ப்பைப் புதனுக்குத் தள்ளினேன். அப்பா இன்னும் கொஞ்சம் கேட்கட்டும்.

கண்ணாடிக்காரி மட்டும், "அவர் வீட்டுல என்ன நிலைமையோ, யாருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்தாள். "ஆதாரம் இருக்கா? இல்லேன்னா உட்காரு," என்றேன். முகம் சுண்டிப்போனது. இதுவரை யாரையும் நான் இப்படி அடக்கியதில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி. காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் குமாஸ்தா நான்தான். என்ன கேக்கணுமோ கேளுங்க."

வக்கீல் குனிந்து நோட்டைப் புரட்டினான். கண்ணாடிக்காரிதான் கேட்டாள்: "ஏன் தாத்தா எழுதிக் குடுத்தீங்க?"

"முதலாளி ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். எங்களை மாதிரி ஆளுங்க பிள்ளைங்களுக்கு அங்க இடமே கிடையாது. பேரைக் குடு, உன் பொண்ணைச் சேர்த்துக்கறேன்னார்."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தாம்மா. தப்புதான்." என்னைப் பார்த்தார். "பொண்ணு நல்லாப் படிச்சா."

ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அப்போ அந்த மூணு பேருக்கு வேலை போனதாலதான் நீங்க டீச்சர் ஆனீங்களா?" வக்கீல் இந்த முறை கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

வகுப்பைக் கலைத்தேன். அவர்கள் போனதும் அப்பாவிடம் கத்தினேன்: "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஊரான் பிள்ளைங்க முன்னாடிதான் சொல்லணுமா?"

"அவங்கதானேம்மா கேட்டாங்க. நீ கேக்கவே இல்லையே."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

என் தம்பி வந்து அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு பெட்டி, ஒரு மருந்துப் பை, அவ்வளவுதான். "எண்பது வயசு மனுஷன்க்கா. நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்றான்.

செருப்பை மாட்டிவிடக் குனிந்தேன். அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, புதன்

ஆறு பேரும் வந்தார்கள். வராமலே இருந்திருக்கலாம். பாடம்: வணிகக் கம்பெனிகளின் வருகை. வாதத்துக்கு இரண்டு கேள்விகள் தயார் செய்திருந்தேன். "பேசலாமா?" என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேணாம் டீச்சர். நோட்ஸ் சொல்லுங்க, எழுதிக்கிறோம்," என்றாள் கண்ணாடிக்காரி.

சொன்னேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.