உங்கள் பாட்டிலும் அதில் இருந்தது

அண்ணா,

நேற்றுப் பரணில் கிடந்த பழைய சாமான்களை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சாக்குப் பைக்குள்ளிருந்து அந்தத் தகரப் புனல் உருண்டு வந்தது. விளிம்பெல்லாம் துரு. குழாய்ப் பக்கம் நசுங்கியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்தும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை. உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் அதை வாங்கி மோந்துபார்த்துவிட்டு, பெயின்ட் அடிக்கிற சாமானா என்று கேட்டாள். ரேஷனில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதெல்லாம் அவளுக்குத் தெரிய நியாயமில்லை. புனலைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்றாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. துக்கத்துக்கு நான் வரவில்லை. நீங்கள் வேலை பார்த்த பத்திரிகையில் உங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'மலைத் தொழிலாளர்களின் குரல்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தேன். மறந்துபோய் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன். உங்களுக்காக அழுதேனா, மிளகாய்க்காக அழுதேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வாழவந்திக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவில் இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்கு முதன்முதலில் நீங்கள் வந்தது என் வீட்டுக்காரரின் சிநேகிதராக. ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில், ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தீர்கள். பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். எழுதிய செய்தியைக் கவரில் போட்டுச் சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவீர்கள், அவர் அதைச் சேலத்து ஆபீசில் சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாரத்துப் பத்திரிகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் லைனுக்கு நடந்தே வருவீர்கள். காப்பிப் பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, எல்லாரும் கேட்கும்படி படிப்பீர்கள். எட்டாவது வரை படித்திருந்த எனக்கு நீங்கள் படிக்கிற விதம் அவ்வளவு பிடிக்கும். பெரிய செய்தியைக்கூட எங்கள் வீட்டு அடுப்படிக்கு இறக்கிக் கொடுத்துவிடுவீர்கள்.

அரபு நாடுகள் எண்ணெயை அடைத்துவைத்த வருஷம் அது. நீங்கள் படித்துச் சொல்ல, என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அப்பச் சண்டைக்குத் துப்பாக்கியே வேண்டாங்களா?" என்றார்.

"எண்ணெயக் குடுக்காம நிறுத்துனாப் போதுங்க. எதிராளி இருட்டுல தானாக் கையத் தூக்கிருவான்" என்றீர்கள்.

நம் நாட்டுக்கு அடைக்கவில்லை, விலையைத்தான் ஏற்றிவிட்டார்கள், தட்டுப்பாடு அதனால் வந்தது என்றும் விளக்கினீர்கள். எல்லாரும் சிரித்தோம். எங்கேயோ மணலில் நடக்கிற சண்டை எங்கள் மலைக்கு எப்படி வரும் என்று நினைத்தோம்.

பழம் பறிக்கிற சீசனில் போனஸ் கேட்டு லைன் மொத்தமும் வேலையை நிறுத்தியது. என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். கூலியை நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கினோம், ஆனால் எஸ்டேட்டை நடத்துகிற துரை நிறுத்தியது மண்ணெண்ணெயை. எங்களுக்கான எண்ணெய் எஸ்டேட் ஸ்டோர் வழியாகத்தான் வரும், கணக்கெழுதுகிற ரைட்டர்தான் அளந்து ஊற்றுவார். அவர் கையை விரித்தார். அரபுக்காரன் கப்பலை அனுப்பவில்லையாம், துரை என்ன செய்வாராம். பனி இறங்குகிற மாதத்தில், நாலு மணிக்கே வாசலில் எதிர் வீடு தெரியாத இடத்தில், விளக்கில்லாமல் இருந்து பார்க்கச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் உங்களைப் பல்பிங் ஹவுசுக்குக் கூட்டிப்போனார். பழத்தின் தோலை உரிக்கிற மெஷினுக்குப் பின்னால் பீப்பாய்கள் நின்றதை ஜன்னல் வழியாக உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். ஒன்றின் மூடியில் புது எண்ணெய் கசிந்து தரை நனைந்திருந்ததாம். வீட்டுக்குத் திரும்பி நான் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"அரபுக்காரன் பண்றதத்தான் உங்க துரையும் பண்றாரு. இத நான் எழுதறேன், பாரு கண்ணு."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் உங்களைச் சோறு தின்னாமல் போக விடவில்லை. இருந்த ஒரே முட்டையை உங்கள் தட்டில் வைத்தேன்.

அப்போது நான் நிறைமாதம். எங்கள் சனத்தில் பிள்ளை பெறுகிற வீட்டில் வலி கண்டதிலிருந்து தீட்டுக் கழியும்வரை விளக்கு அணையக்கூடாது. எண்ணெய் இல்லாத காலமென்று அதை விட்டுவிட யாருக்கும் மனசில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அடியில் மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பொழுது சாய்ந்து விளக்கு வைத்துவிட்டால் வீட்டிலிருந்து எண்ணெய் வெளியே போகக்கூடாது என்பதும் ஒரு வழக்கம். அதனால் நல்ல வெயிலிலேயே பெண்கள் வரிசையாக, கையில் பாட்டிலோடு, பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தங்கள் வீட்டில் அடுப்பு வெளிச்சத்தில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பதுக்குகிறவர்கள் இப்படித்தான் பட்டப்பகலில் ஊர்வலம் வருவார்களா அண்ணா?

நீங்களும் வந்தீர்கள். உங்கள் அறையில் இருந்ததைக் கொண்டுவந்தீர்கள். சதுரமான மருந்து பாட்டில், மூடி தொலைந்துபோய்க் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தீர்கள், உங்கள் பத்திரிகைக் காகிதத்தையே. என்னால் குனிய முடியாதென்று இந்தப் புனலை நீங்கள்தான் பிடித்துக்கொண்டீர்கள். சிறுசிறு பாட்டில்களில் இருந்ததைப் பெரிய பாட்டில்களில் சேர்த்து மூலையில் அடுக்கியதும் நீங்கள்தான். உங்கள் பாட்டிலை மட்டும் அப்படியே முன்வரிசையில் வைத்துவிட்டு, இது மருமகனுக்கு மாமன் சீர் என்று கேலி பேசினீர்கள். கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம், "ஈரச்சாக்குப் போட்டு மூடி வெய்யுங்க. அடுப்புப் பொறி பட்டுரப் போகுது" என்றீர்கள். அவர் உடனே சாக்கை நனைத்து மூடினார். நீங்கள் சொன்னால் அவருக்கு மறுபேச்சுக் கிடையாது.

உங்கள் செய்தி வருகிற நாளுக்கு லைனே காத்திருந்தது. காலை முதல் பஸ்ஸில் வந்த பத்திரிகையை ஒருவர் ஓடிப்போய் வாங்கிவந்தார். நான்தான் படித்தேன். 'தொழிலாளர் குடியிருப்பில் மண்ணெண்ணெய்ப் பதுக்கல். காப்பிக் கிடங்கைக் கொளுத்தச் சதியா?' கீழே எல்லாமே இருந்தது. எந்த லைன், எத்தனையாவது வீடு, எந்த மூலை. சாக்கால் மூடி மறைத்திருந்தார்களாம். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் தேசமே தவிக்கும்போது சிலர் இப்படிச் செய்கிறார்களாம். பல்பிங் ஹவுஸ் பீப்பாய்களைக் காணோம். பிள்ளைத்தாய்ச்சியையும் காணோம். முதல் தடவை எனக்குப் புரியவில்லை, வேறு எந்த எஸ்டேட்டையோ சொல்கிறார்கள் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

மத்தியானம் போலீஸ் ஜீப் வந்தது. பெட்ரோலே இல்லையென்று எல்லாரும் சொன்ன அந்த நாளில் அந்த ஜீப்புக்கு மட்டும் பெட்ரோல் இருந்தது. பாட்டில்களை வாசலில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் சதுர பாட்டில் முன்வரிசையில் நின்றது. பிள்ளை பெறுகிற வீட்டு எண்ணெய் என்று பெண்கள் அழுது சொன்னார்கள். ஜீப்பில் வந்த அதிகாரி கையிலிருந்த பத்திரிகையைத் தட்டிக்காட்டினார். எண்ணெயோடு என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தோடு வேலைநிறுத்தமும் முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் எனக்கு வலி கண்டது. வாழவந்தியிலிருந்து மருத்துவச்சி அம்மா பனியில் தடவித் தடவி வந்து சேர்ந்தார். விளக்கு எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அடுப்பில் விறகை எரியவிட்டார்கள். புகைதான் நிறைந்தது. மகள் பிறந்து அழுதாள், எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மருத்துவச்சி அம்மா பாயில் கையை ஊன்றியபோதுதான் தெரிந்தது. "ஐயோ சாமி, வெளிச்சம் இருந்திருந்தா முன்னயே பாத்திருப்பனே" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி என்னை ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் என் வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். கட்டில் ஓரத்தில் நின்று, குழந்தையைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் பேசினீர்கள்.

"நான் எழுதுனது வேற கண்ணு. சேலத்துல உக்காந்திருக்கறவங்க மாத்திப் போட்டுட்டாங்க."

நான் நம்பினேன். முழுசாக நம்பினேன் அண்ணா. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத எனக்கு அண்ணன் என்று கூப்பிட ஒருவர் இருந்தீர்கள், அதை விட மனசு வரவில்லை. சிறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் நம்பவில்லை. எஸ்டேட் வேலை போய்விட்டது. மலையடிவாரத்துக் குப்பனூரில் இறங்கி, கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார். நான் பிறகு அங்கே பால்வாடியில் சேர்ந்தேன். உங்கள் பேச்சு வந்தால் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். ஈரச்சாக்கு சேலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நல்ல எண்ணத்தில் நீங்கள் எழுதியதை அவர்கள் 'மறைத்து' என்று ஆக்கியிருப்பார்கள் என்று நான் வாதாடுவேன். ஒரு தடவை, மனுசனைச் சந்தேகப்படுகிற புத்தி உங்களுக்கு என்று அவரிடம் கத்திவிட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். கடைசிவரை எங்களுக்குள் அது தீரவில்லை. அவர் கண்ணை மூடுகிறவரை நான் உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

அந்தச் செய்தி வந்த கொஞ்ச நாளில் உங்களுக்குச் சேலம் ஆபீசில் நிரந்தர வேலை கிடைத்ததைக்கூட உங்கள் திறமை என்றுதான் அவரிடம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஏற்காட்டில் உங்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கேள்விப்பட்டு, ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. நீங்கள் மைக்கைப் பிடித்து, முதல் பக்கத்தில் வந்த உங்கள் முதல் செய்தியைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரு எஸ்டேட் லைனில் எண்ணெய் பதுக்கியிருப்பதைத் தனியாளாகப் போய்க் கண்டுபிடித்தீர்களாம். அதை நீங்கள் எழுதியபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் ஆபீசில் போட்டார்களாம். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் தட்டியதைப் பார்த்து என் கையும் ஒரு தடவை தட்டிவிட்டது. அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மேடையிலிருந்து இறங்கி வந்தபோது, என்னைப் பார்த்தும் உங்கள் முகம் மாறவில்லை. நன்றாக இருக்கிறாயா அம்மிணி என்று கேட்டீர்கள். மகளைப் பற்றி விசாரித்தீர்கள். என் வீட்டுக்காரர் போய்விட்டதை நான் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்.

"அதுல உங்க பாட்டிலும் இருந்துச்சுங்களே அண்ணா. அத எழுதலீங்களே?"

நீங்கள் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்தீர்கள். கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னீர்கள்.

"அத எழுதியிருந்தா அது செய்தியே இல்லியே அம்மிணி."

ஆரஞ்சை உங்களுக்குக் கொடுக்கவில்லை. கீழே இறங்குகிற பஸ்ஸில் ஒவ்வொன்றாக உரித்து நானே தின்றேன். தோலை ஜன்னல் வழியாக எறிந்துகொண்டே வந்தேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். 'நீங்கள் சொன்னதுதான் சரிங்க' என்று அவரிடம் சொல்ல வாய் வந்தது. கேட்க அவர் இல்லை. அண்ணா, எண்ணெய் போனதையும் வேலை போனதையும் நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லவிடாமல் செய்துவிட்டீர்களே, அதைத்தான் விட முடியவில்லை.

இப்போது மறுபடியும் டிவியில் எண்ணெய்ச் செய்தி. எங்கேயோ கடலில் கப்பல் போகிற வழியை அடைக்கப்போகிறார்களாம். அடைப்பவன் கெட்டவன் என்று ஒரு சேனலும், அடைக்க வைத்தவன்தான் கெட்டவன் என்று இன்னொரு சேனலும் கத்துகின்றன. போன வாரம் ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டு வாசலில் கேன்களை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். பின்னால் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பதுக்கல்காரியைப் பார் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். நான் எழுந்து டிவிக்குக் கிட்டே போனேன்.

புனலைக் கழுவவில்லை. டிவிக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். இனி எந்த வீட்டு வாசலில் கேனையும் பாட்டிலையும் அடுக்கிக் காட்டினாலும், முதலில் அந்த வீட்டில் யாருக்குப் பிள்ளைவலி என்று தேடுவேன். அதற்கப்புறம், அந்த வரிசையில் செய்தி எழுதியவருடைய பாட்டில் எது என்று தேடுவேன்.