உவர்நீர்க் குளிப்புக்குத் தொண்ணூற்றாறு புள்ளி

அனுப்புநர்:
(செல்வி) தம்பிஐயா கேதீஸ்வரி,
விஞ்ஞான ஆசிரியை,
கோயிலடி ஒழுங்கை, கரம்பொன்,
ஊர்காவற்றுறை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
ஊர்காவற்றுறை.

விடயம்: 'தாழைநிழல்' இல்லப் பராமரிப்புச் சேவையின் தர மதிப்பீட்டை மீளச் செய்விக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனது தந்தை தம்பிஐயா எழுபத்தொன்பது வயதானவர். பதுளையில் நெடுங்காலம் பலசரக்குக் கடை நடத்தியவர். சென்ற ஆண்டு பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார். பேச்சும் நினைவும் தெளிவாகவே உள்ளன. தாயார் காலமாகிவிட்டார். வீட்டில் அப்பாவும் நானும் மட்டுமே. கனடாவில் வசிக்கும் என் தம்பி சதீசன், மேற்படி தனியார் நிறுவனத்தில் அப்பாவைப் பதிவுசெய்து, நாள்தோறும் காலையில் ஓர் ஆண் பராமரிப்பாளர் வந்துபோக ஒழுங்கு செய்தார். மகள் தன் உடம்பைத் தொட்டுக் கழுவ அப்பா சம்மதிக்க மாட்டார். ஊரில் எஞ்சியிருக்கும் ஆண் உறவினர் எல்லோரும் அவரிலும் முதியவர்கள். எனவே இச்சேவையை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

2. வருபவர் பெயர் சிவகரன். வேலணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். நேரம் தவறுவதில்லை. அப்பாவைத் தூக்கி இருத்தும்போது அவர் காட்டும் கவனத்தை நான் பார்த்திருக்கிறேன். இம்மனு அவருக்கு எதிரானதன்று.

3. நிறுவனத்தின் தர விதிகளின்படி நாளாந்தம் முழுக்குளிப்பு கட்டாயம். ஈரத்துணியால் துடைப்பது குளிப்பாகக் கணிக்கப்படாது. விதி எழுதப்பட்டது கொழும்பில். எங்கள் குளியலறைக் குழாயில் வருவதோ உவர்ப்பான கிணற்றுநீர். கரம்பொன் கிணறுகளைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவ்வருட வெயிலில் எங்கள் கிணற்றுநீரில் சவர்க்காரம் நுரைப்பதே இல்லை. பவுசர் வண்டியில் வரும் நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமட்டாகப் போதும்.

4. வைகாசி மாதமளவில் படுக்கை விரிப்பைத் தோய்க்கும்போது இடுப்பு படும் இடத்தில் கறை கண்டேன். கேட்டதற்கு அப்பா, "அது ஒண்டுமில்லை, நுளம்பு கடிச்சது" என்றார். எந்த நுளம்பும் அப்படிக் கடிக்காது. பார்க்க வேண்டும் என்றேன். "பெம்பிளைப்பிள்ளை, நீ அங்கால போ" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது படுக்கைப் புண் என்பதையும், கிணற்றுநீர் பட்டால் அப்பாவுக்குப் பொறுக்க முடியாத எரிவு என்பதையும் சிவகரன்தான் சொன்னார். நான் ஒரு வாளி நன்னீர் ஒதுக்கித் தருகிறேன், அதில் துணி நனைத்துத் துடைத்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். "ஏலாது ரீச்சர். குளிக்க வார்க்கேல்லை எண்டால் புள்ளி வெட்டுவினம். புள்ளி குறைஞ்சால் என்னைத் தூக்கி மன்னாரிலை போட்டிடுவினம்" என்றார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

5. ஆண் வைத்தியர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன்; நான் வெளியே போனபின்பே அப்பா புண்ணைக் காட்டினார். புண் ஆழமாகி வருகிறது, கிணற்றுநீர் படவே கூடாது, எலும்பைத் தொட்டுவிட்டால் இந்த வயதில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று கூறி, எழுதியும் தந்தார். அதை நிறுவனத்துக்கு அனுப்பினேன். மேற்பார்வையாளர் தொலைபேசியில், "ஆசுப்பத்திரியிலையும் புண்ணை உப்புத்தண்ணியாலைதானே கழுவிறவை, மிஸ்" என்றார். கிருமி நீக்கி அளந்து தயாரித்த உப்புநீருக்கும் பாசி பிடித்த கிணற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நான் தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதுண்டு. அவருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. விதியை மாற்றும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு என்று கூறி அழைப்பை முடித்துக்கொண்டார்.

6. சென்ற மாதம் நிறுவனத்தின் தர மதிப்பீட்டுக்காக பவதாரணி என்ற இளம்பெண் வந்தார். நான் அன்று லீவு எடுத்து வீட்டில் நின்றேன். அவர் வந்தபோது சிவகரன் அப்பாவைச் சில்லுக் கதிரையில் இருத்திக் குளியலறைக்குக் கொண்டுபோயிருந்தார். தண்ணீர் விழும் சத்தத்தோடு, அப்பா உரத்த குரலில் பதினாறாம் வாய்பாடு சொல்வது கூடம் வரை கேட்டது. கடைக்காரராக இருந்தவருக்கு அது மனப்பாடம். வலியைப் பொறுப்பதற்காக அவர் செய்வது அது. கத்துவதை அவர் மரியாதைக் குறைவாக நினைப்பவர். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "ஐயா நல்ல சந்தோசமா இருக்கிறார் என்ன?" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். பின்னர் வந்த அறிக்கையில் 'நினைவாற்றல் சிறப்பு, மனநிலை உற்சாகம்' என்று இருந்தது.

7. குளித்து முடிந்தபின் அப்பாவிடமே கேட்கப்பட்டது. குளிப்பு ஒழுங்காக நடக்கிறதா? ஓம். பராமரிப்பாளரிடம் ஏதும் குறை உண்டா? "தம்பி தங்கமான பொடியன், பிள்ளை. குறை சொன்னால் வாய் அழுகும்." பவதாரணி போனபின் நான் அப்பாவோடு கோபித்தேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்றேன். "வாங்க வந்த ஆளுக்கு முன்னாலை கடைப் பொடியனை ஏசப்படாது. ஏசினால் நாளைக்கு ஆர் கடை திறப்பான்?" என்றார். அவர் நியாயம் அவருக்கு. தன் உடம்புதான் அங்கே விலைபோகிறது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8. மதிப்பீட்டில் தோலைப் பற்றியோ புண்ணைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. சீருடை, நகம், வருகை நேரம், குளிப்பு, பணிவு ஆகியவற்றுக்கே புள்ளிகள். குடும்பத்தவர் கருத்து என்ற பகுதி உண்டு. அது பதிவுசெய்த வாடிக்கையாளரிடம், அதாவது என் தம்பியிடம், கேட்கப்பட்டது. அவர் முழுத் திருப்தி தெரிவித்தார். அவரோடு கதைத்தேன். "அக்கா, தொண்ணூற்றாறு வீதம் எண்டு போட்டிருக்கினம். நீங்கள் கம்பசிலை படிச்ச நாள் தொட்டு எல்லாத்திலையும் பிழைதான் பிடிக்கிறியள்" என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தொலைபேசித் திரையில் அவர் காண்பது அப்பாவின் முகத்தை மட்டுமே. தம்பியைக் கண்டதும் அப்பா சிரிப்பார்.

9. கடைசியாக நான் கூப்பிட்டபோது மேற்பார்வையாளர், வீட்டாருக்குத் திருப்தி இல்லையென்றால் ஒரு வார அறிவித்தலில் சேவையை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கடல் நடுவே போகும் தாம்போதி கடந்து தீவுப்பகுதிக்கு வர வேறு ஆண் பராமரிப்பாளர் எவரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

10. ஆகவே, அப்பாவின் புண்ணை நேரில் பரிசோதித்து மதிப்பீட்டை மீளச் செய்விக்கவும், புண் உள்ளவர்களை நன்னீரால் துடைப்பதைக் குளிப்பாக ஏற்குமாறு நிறுவனத்துக்கு அறிவுறுத்தவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மனுவின் பிரதியை எதிர்த்தரப்புக்கு அனுப்பி விளக்கம் கோருவதே வழமை என்பதை அறிவேன். அனுப்பினால் சிவகரன் வரமாட்டார். அனுப்பாவிட்டால் தாங்கள் எதைக் கொண்டு நடவடிக்கை எடுப்பீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியாமலேயே இதை அனுப்புகிறேன்.

வேறெதுவும் இயலாதெனில், ஓர் ஆண் தாதிய உத்தியோகத்தரையாவது ஒருமுறை அனுப்பிவையுங்கள். அவர் பாடசாலை நேரத்தில் வரட்டும். மகள் வீட்டில் இல்லை என்று முதலில் அப்பாவிடம் சொல்லட்டும். இல்லாவிட்டால் புண்ணைக் காட்ட அப்பா திரும்பிப் படுக்கமாட்டார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

த. கேதீஸ்வரி
(ஒப்பம்)

இடம்: கரம்பொன்
திகதி: 2025.08.19