ஐந்தில் மூன்று

பெப். 11, புதன்
சிரோக்கோக் காற்று. ஆபிரிக்காத் தூசி. நான் பராமரிக்கும் கிழவி, சிஞ்ஞோராவின் பல்கனியை இரண்டு முறை துடைத்தாயிற்று. அவருக்கு இருமல்.
இதே நாட்டின் வடக்கில், அண்ணா யூட் இருக்கும் மலையில் மூன்று நாளாகப் பனி. அவர் அங்கே ஹோட்டல் சமையலறைக்குப் போன நாளிலிருந்து பனிச்சரிவு அறிக்கையைத் தினமும் பார்க்கிறேன். இன்று ஆபத்து: ஐந்தில் மூன்று.

பெப். 12, வியாழன்
மன்னாரிலிருந்து அம்மா போன் எடுத்தா. பெண் வீட்டார் அண்ணாவின் படம் கேட்கிறார்களாம். "பனியிலை நிண்டு எடுக்கச் சொல்லு. போனமுறை அனுப்பினது சேறு மாதிரிக் கிடக்கு."
அண்ணாவுக்கு எழுதினேன். கடைசி வரி மட்டும் என்னுடையது: காலடி படாத இடமாகப் பார்த்து எடுங்கோ.

பெப். 13, வெள்ளி
அண்ணா: "ஞாயிறு லீவு. மேலை ஒரு சரிவு, ஒருத்தரும் மிதிக்காத பனி. மார்க்கோவோடை போறன்." மார்க்கோ அவருடன் காய்கறி வெட்டுபவன்.
"மூண்டு எண்டு போட்டிருக்கு, அண்ணா."
"ஐஞ்சிலை மூண்டெண்டா அறுபது மார்க். கணக்கிலை எனக்கு எப்ப அறுபது வந்தது? பாஸடி!"
சிரித்தேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நடுத்தரம் என்று. பிறகுதான் அறிக்கையை முழுதாக வாசித்தேன். அடியில் சீனி போல ஒட்டாத பழைய பனி. மேலே காற்று இறுக்கிய, பலகை போன்ற புதுப் பனி. அது சரிய ஒரு ஆளின் பாரம் போதும்.

பெப். 14, சனி
பல்லரோ சந்தை: வெங்காயம், சூடை மீன், தேசிக்காய். கறிவேப்பிலை இல்லை.
அண்ணாவுக்கு ஆறு மெசேஜ் போட்டேன். எல்லாம் பார்த்திருக்கிறார். ஒரே பதில்: "நீ பயப்பிடுறதுக்கெண்டே வாசிக்கிறாய்."
இருக்கலாம். "சாப்பிட்டியா" என்று என்னைக் கேட்க இந்த நாட்டில் வேறு யார்?

பெப். 15, ஞாயிறு
பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பக்கத்தில் ரெஜினா அக்கா: "போனை வையும் பிள்ளை. ஆண்டவர் மெசேஜ் போடமாட்டார்."
1.20. அண்ணாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
2.05. எடுக்கவில்லை. அம்மாவிடம், வேலையில் நிற்கிறார் என்றேன்.
3.00. அவருடைய போனில் மணி அடிக்கவே இல்லை.
4.10. படம். ஹோட்டலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள், வழித்துக் குவித்த சாம்பல் பனி. நடுவில் அண்ணா, ஏப்ரனோடு. சிரிப்பில்லை.
கீழே: "லீவை வெட்டி வேலைக்குக் கூப்பிட்டிட்டினம், நான் போகேல்லை. மார்க்கோ விடிய தனியப் போனவன். இன்னும் வரேல்லை. தேடப் போயிருக்கினம்."
முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம்.
அம்மா மறுபடி கேட்கிறா, படம் வந்ததா என்று.