வெளுத்த வெள்ளைக்கரு

12 ஆகஸ்ட் 1963, திங்கள். மண்டபம்.

என் மகன் அருள் மதியச் சாப்பாட்டுக்குத் தன் உதவியாளர் செய்யதையும் அழைத்து வந்தான். ராடார் அலைக்குச் சக்தி கூட்ட அவன் இரண்டு வருடமாக வடிவமைத்துவரும் ஆம்ப்ளிஃபையர் இன்று நினைத்த சக்தியைத் தந்துவிட்டதாம்.

“அளக்குற மீட்டர் போன வாரமே கருகிப் போச்சும்மா,” என்றார் செய்யது. “அலை வர்ற குழாய்க்கு நேரா சாசர்ல முட்டையை உடைச்சு வச்சோம். வெள்ளைக்கரு அங்கனயே வெளுத்துப் போச்சு. நாளைக்கு ஆம்லெட்டுதேன்!”

நானும் சிரித்தேன். பிறகு, சக்தி கூடினால் குழாய்க்குள் பொறி பறக்கும் என்பாயே, அது எப்படித் தெரியும் என்று அருளிடம் கேட்டேன்.

“குனிஞ்சு உள்ள பாப்பேன்,” என்றான் அருள்.

“அலை வரும்போதா?”

“அப்பத்தானம்மா பொறி தெரியும். ஒரு நொடிதான், சுடக்கூடச் சுடாது.”

மீன் முள்ளை அவன் விரலால் தடவித்தான் எடுத்தான். மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே மூன்று முறை துடைத்தான். உப்புக்காற்று படிந்து எல்லாம் புகையாகத் தெரிகிறதாம். சாப்பாட்டு மேசையில் இதென்ன பழக்கம் என்று அதட்டி வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, “இன்னும் போகலியேம்மா,” என்றான்.

நாளை முழுச் சக்தியில் ஓட்டப்போகிறார்கள். அவன் அப்பா இருந்தால் ஒரே வார்த்தையில் நிறுத்தியிருப்பார். ஊரெல்லாம் இவன் பெருமை பேசிய எனக்கு வாய் வரவில்லை.

காலையில் அவன் கிளம்புமுன், அந்தக் குழாய்க்குள் இனிக் குனிந்து பார்க்காதே என்று சொல்லியே ஆகவேண்டும். கழுவுவதற்கு முன்பே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் உப்பே இல்லை.