கருப்பம்மா ரேடியோவில் சொன்னது

அன்பு மகன் நிஹாலுக்கு அத்தா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நானும் அம்மாவும் சுகம், சவுதியில தம்மாமுல நீயும் அப்ரினும் பிள்ளை மிஸ்பாவும் சுகமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேக்குறோம். போன் இருக்கையில இந்த மனுசனுக்கு எதுக்குக் கடுதாசின்னு சிரிப்ப. போன்ல நீ சலாம் சொன்ன கையோட அம்மாகிட்டக் குடுங்கத்தாங்குற, மூணு வருசமா அப்படித்தான், பெறகு நான் எங்கிட்டுப் போய்ப் பேச. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவல. சீசன் முடிஞ்சும் வண்டி கொறையல, நம்ம பஜார் ரோட்டக் கடக்க அரைப்பொழுது ஆகுது.

கடையில இப்பவும் ரேடியோதான் தொணை. வெள்ளிக்கெழம காலையில உள்ளூர் ரேடியோவுல ஷர்மிளான்னு ஒரு பொண்ணு ஊர்ச்சங்கதி பேசுது, சனங்களும் போன் போட்டுப் பேசலாம். ஒரு வாரம் ஏரிக்கரைய அடைச்சு நிக்கிற காரு, ஒரு வாரம் வீட்டயெல்லாம் டூரிஸ்ட்டுக்கு விட்டுட்டு உள்ளூர்க்காரன் வாடகை வீடு தேடி அலையிறது. நானும் ரெண்டு தரம் போன் போட்டு நியாயம் பொளந்து கட்டியிருக்கேன், பாய் பேசினது சூப்பர்னு பஜாரே சொல்லுச்சு. போன மாசம், அவசரத்துக்கு மேல்மலைச் சனம் வண்டிக்கு என்ன பண்ணுதுன்னு பேச்சு. பூண்டு நிறுத்துக்கிட்டு இருக்கேன், மன்னவனூர் கருப்பம்மா பேசுறேன்னு ஒரு கொரல். ரேடியோவச் சத்தமா வச்சேன். நமக்குப் பூண்டு கொண்டாந்து போடுமே, அதே கருப்பம்மாதான், மகன் முத்துராஜ் மூணு வருசம் முன்னால எறந்துபோனதுல இருந்து நம்ம கடைப்பக்கமே எட்டிப் பாக்கல. அது சொல்லுது, எம்மகனக் கொளவி கொட்டி உடம்பெல்லாம் வீங்கி டவுன் ஆஸ்பத்திரியில கெடந்தான், மலைக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், ஆம்புலன்ஸ் வேற கேசுக்கு எறங்கிருச்சு, பஜார்ல தெரிஞ்ச பாய் ஒருத்தரு ஜீப்பு நின்னுச்சு, கேட்டிருந்தா ஓடி வந்திருப்பாரு, ஜும்ஆத் தொழுகை நேரமாச்சேன்னு நான்தான் கேக்காம நின்னுட்டேன், தப்பு எம்மேலதாங்குது. பக்கத்துக் கடைக்காரன் கண்ணத் தொடச்சுக்கிட்டு, யாரோ நல்ல மனுசன் பாய், பேரச் சொல்லாம விட்டுருச்சேங்குறான்.

ஏலே, அது நம்ம கடைக்கு வந்து ஜீப்பக் கேட்டுச்சுல்ல. நீயும்தான இருந்த. பாதி ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுக் கேட்டுச்சு, நீ சாவிய எடுத்துக்கிட்டு எந்திரிச்ச, நான் அதப் பிடுங்கி ஜிப்பாப் பையில போட்டு உன்னை உக்காருடான்னேன். தொழுதுட்டு வந்து பாப்போம் தாயீன்னு ஷட்டர இழுத்தேன். நெசம் என்னன்னா ரெண்டு மணிக்கு லாட்ஜ் பார்ட்டிக்கு ஜீப்பு பேசியிருந்தேன். ஒரு உசுருக்காகத் தொழுகையத் தள்ளிக்கலாம்னு மதரஸாப் பிள்ளைக்கே தெரியும், எனக்குத் தெரியாதா. என் பேராசையத் தொழுகைக்குப் பின்னால ஒளிச்சேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள முத்துராஜ் போயிட்டான்.

அன்னியில இருந்து வெள்ளிக்கெழம ஷட்டர எறக்கையில குனிஞ்சு பாக்காம எறக்க முடியல. ஆளு இல்லன்னு தெரியும், இருந்தும் பாக்குறேன். ரேடியோவுல கேட்ட பெறகு அந்தக் கொரலும் சேந்துக்கிருச்சு, பள்ளிவாசல்ல தொழுகைக்குத் தக்பீர் கட்டி நின்னா தப்பு எம்மேலதான் எம்மேலதான்னு காதுக்குள்ள கேக்குது, ஓதுனது மறந்துபோகுது. ஞாயித்துக்கெழம அதே பேச்சத் திரும்பப் போட்டாங்க, நான் ரேடியோவ அணைச்சேன், எதுத்த டீக்கடையில கேக்குது. பயமா இருக்குடா நிஹாலு.

போன திங்கக்கெழம வெள்ளனே மொத பஸ்ஸுல மன்னவனூரு போனேன். கேரட்டுக் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. எதுக்குத் தாயீ பொய் சொன்னன்னு கேட்டேன். நிமிந்துகூடப் பாக்கல. உங்க மகன் மாசந்தவறாம எனக்குப் போன் பண்ணுது பாய், எங்கத்தாவ நாலு பேருக்கு முன்னால ஒண்ணும் சொல்லிராதீங்கம்மான்னு அன்னிக்கே அழுதுச்சு, அந்தப் பிள்ளை மொகத்துக்காகச் சொன்னேன், உங்களுக்காக இல்லன்னு சொல்லிட்டு அடுத்த பாத்திக்குப் போயிருச்சு. திரும்பி வர்ற பஸ்ஸுல நான் அழுததப் பாத்து கண்டக்டரு தண்ணி குடுத்தாரு.

வர்ற வெள்ளிக்கெழம ரேடியோ ஆபீசுக்கே போறேன், அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லி வச்சுட்டேன். எம்பேரு, கடை, ஜீப்பு, லாட்ஜ் பார்ட்டி எல்லாத்தயும் சொல்வேன். அம்மா வேணாங்குறா, கடைக்கு எவனும் வரமாட்டாங்குறா, வராட்டிப் போகட்டும். நீயும் தடுக்காத. கருப்பம்மா எம்மேல இருக்க வேண்டிய பழியச் சொமக்குது, அத எறக்கி வைக்கணும். எம்மகன் எந்திரிச்சான், நான்தான் உக்கார வச்சேன்னும் ஊருக்குத் தெரியணும். உன்கிட்ட மொதல்ல சொல்லணும்னுதான் இந்தக் கடுதாசி.

மிஸ்பாவ ஏசிக்கு நேரா படுக்கப் போடாதீங்க, சளி பிடிக்கும். அப்ரினுக்கு எங்க சலாம். அல்லாஹ் உங்க மூணு பேருக்கும் நீண்ட ஆயுசும் பறக்கத்தும் குடுக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துராத, கருப்பம்மாவுக்குப் பண்ற போன நிறுத்தாத. அதுகிட்டப் பேசி முடிச்சுட்டு ஒரு தரம் எனக்கும் பண்ணு, திட்டணும்னாலும் திட்டு, நான் கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு உன் அத்தா,
முகம்மது இஸ்மாயில்,
கொடைக்கானல்.