வேறொரு வெள்ளைத்துரையின் வரி

விசுவநத்தம்
6-2-62

சிரஞ்சீவி சௌபாக்கியவதி பொன்னுத்தங்கத்துக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். கல்கத்தாவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ ஒரு குறையும் எழுதவில்லை, ஆனாலும் தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வராமல் அங்கே எப்படித் தலைகுனிந்து நின்றாயோ என்று அம்மா அழுதாள். அடுத்தவர் வாய்வழியாக உனக்கு வந்து சேருமுன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

போன ஆடியில் வரி ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அ. வெள்ளைத்துரை என்று என் பெயர், பட்டாசு உற்பத்தி, விற்பனை வரி பாக்கி மூவாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் என்று போட்டிருந்தது. நாம் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கிறவர்கள், ஒரு சரவெடிகூட நம் பெயரில் விற்றதில்லை, நம் அளவு வியாபாரத்துக்கு வரியும் கிடையாது. யாரோ தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று பழைய காகிதங்களோடு கம்பியில் குத்திப் போட்டேன். இரண்டாவது நோட்டீசையும் அப்படியே குத்தினேன். ஆவணியில், சீசன் சூடு பிடித்திருந்தபோது, கிராம முன்சீப்பும் தலையாரியும் வந்து காகிதம் வெட்டுகிற மெஷினை ஜப்தி செய்து அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். வேலைக்கு வந்த பதினோரு பெண்களும் வாசலோடு திரும்பினார்கள். கம்பெனிகள் ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டன. கள்ளத்தனமாக வெடி செய்து விற்றிருக்கிறான் என்று டீக்கடையில் பேசியது அம்மா காதுவரைக்கும் வந்தது. நான் ஐந்து தடவை ஆபீசுக்கு அலைந்தேன். அங்கே இருந்த குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தாமல், "பேரும் இனிஷியலும் சரியாத்தான இருக்கு? அது நீங்க இல்லேன்னா அந்த ஆளு யாருன்னு காட்டுங்க, அவரு கையெழுத்துப் போட்ட காகிதம் கொண்டாங்க" என்றார். கடைசித் தடவை பியூன் இரக்கப்பட்டு வெளியே வந்து, ஃபைலில் லைசென்ஸ் அச்சங்குளத்தில் இருப்பதாகப் போட்டிருக்கிறது, விலாசம் எழுதியவர்தான் ஊரை மாற்றிவிட்டார் என்று மெதுவாகச் சொன்னார்.

புரட்டாசியில் அச்சங்குளம் போனேன். அந்த வெள்ளைத்துரையின் வீட்டை விசாரித்தபோதே ஊர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பங்குனியில் அவருடைய பட்டாசு ஷெட்டில் வெடிமருந்து தீப்பற்றி, அவரும் வேலையாட்கள் மூன்று பேரும் போய்விட்டார்களாம். கரிந்த சுவர் மட்டும் நின்றது. அவர் பெண்சாதி முத்துமாரியம்மாள், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்திருப்பாள், இரண்டு பெண்பிள்ளைகள். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துள்ள காகிதம் ஒன்று வேண்டும், ஆபீசில் காட்ட வேண்டும் என்றேன். "நஷ்டஈடு விசயமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். தங்கம், அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் காகிதம் போனால் என் தலையில் இருக்கிற வரி உன் தலைக்கு வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து லைசென்சையும் ஒரு பத்திரத்தையும் எடுத்து, கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தே நாளில் என் பெயரை நீக்கி உத்தரவு வந்தது, சீலை உடைத்தார்கள். அன்றைக்கு நான் வாங்கி வந்த மிட்டாயை அம்மா தொடவில்லை, "நம்ம மெஷினு வந்துருச்சு, அந்தப் பிள்ளை கதி என்னாகும்னு யோசிச்சீகளா?" என்று கேட்டாள். அதிகாரிகள் அவளாகக் கட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. தீபாவளிக்கு நாலு நாள் முந்தி முத்துமாரியின் உழவு மாடு இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு போய் ஏலம் போட்டுவிட்டார்கள். தீபாவளி கழிந்து அவளே நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லைசென்சையும் பத்திரத்தையும் திருப்பிக் கேட்டு வாங்கினாள். படியிறங்கும்போது, "சொல்லிக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே அண்ணாச்சி, நீங்களும் என்ன செய்வீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வரி நோட்டீசையே உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். செத்தவர் கணக்குக் காட்ட வரவில்லை என்று, அவர் வாங்கிய மருந்தை வைத்து இத்தனை பட்டாசு விற்றிருப்பார் என்று அவர்களாகவே மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அந்த மருந்தும் பட்டாசும் அவரோடு எரிந்துபோனவை. இதைச் சொல்லி அப்பீல் செய்யலாம் என்றால் நோட்டீஸ் கிடைத்து முப்பது நாள்தான் கெடு, அது முடிந்துவிட்டது என்றார்கள். கெடு முடிந்தது நம் வீட்டுக் கம்பியில், தங்கம். நோட்டீஸ் அவளுக்குப் போகவே இல்லை, என்னிடம்தான் வந்தது, நான்தான் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தேன் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்து, இரண்டு நோட்டீசையும் தபால் முத்திரையோடு சேர்த்து வைத்தேன். மேலதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். மார்கழிக் கடைசியில் வரி முழுவதும் தள்ளுபடி ஆனது. மாடு விற்ற பணம் திரும்ப வரும் என்று உத்தரவில் இருக்கிறது, எப்போது என்று இல்லை. ஐப்பசி மழைக்கு உழ மாடில்லாமல் அவளுடைய கரிசல் காடு இந்த வருசம் தரிசாகக் கிடக்கிறது. அவளும் பிள்ளைகளும் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறார்கள்.

உன் சீருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த இருநூறு ரூபாயை அவளுக்கு மணியார்டர் செய்தேன். போன வாரம் வாங்க மறுத்தார் என்று எழுதித் திரும்பி வந்துவிட்டது. அம்மா அதை எடுத்துக்கொண்டு நாளைக்குத் தானே அச்சங்குளம் போகிறாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வர வேண்டாம், ஒங்களப் பாத்தா அந்தப் பிள்ளைக்குச் சங்கடமா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளை இருமலுக்குச் சுக்கு தட்டிப்போட்டுக் கொடு. சர்க்கார் காகிதம் எது வந்தாலும், உங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும், அன்றைக்கே பதில் எழுதி அனுப்பச் சொல். சீர் வராததற்கு யாராவது ஒரு சொல் சொன்னால், அப்பாவுக்குப் பணமுடை என்று எனக்காகப் பொய் சொல்லாதே. அப்பா ஒரு பெண்ணுக்குத் தப்புச் செய்துவிட்டார் என்று உள்ளதைச் சொல். தீர்க்கசுமங்கலியாக, நிறைந்த மனசோடு இரு.

இப்படிக்கு உன் அப்பா,
அ. வெள்ளைத்துரை