பச்சைப் புள்ளியும் நம் மயிலையும்

சாணிக் கையோடே என் கன்னத்தைத் தட்டும் அப்பாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு வேலை கிடைத்தது. மாடுகளுக்கு வரும் கோமாரி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பரவும், எங்கே முதலில் ஊசி போட்டால் அடங்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை. அதை இங்கே மாடல் என்கிறார்கள். ஊர்கள் புள்ளிகள், மாடுகள் சந்தைக்குப் போய்வரும் வழிகள் கோடுகள். நோய் வந்தால் சிவப்பு, ஊசி முடிந்தால் பச்சை.

நம் ஊருக்கு அடுத்த மொரப்பூர்ப் பக்கம் சிவந்துகொண்டே வருகிறது. நம் ஊர் பச்சை. அந்தப் பச்சையைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

ஊசி போட்டது கோயில் திடலில். நம் காலனி மாட்டை அங்கே கட்ட விடுவார்களா? நம் பசு மயிலையை நிலக்காரரிடம் வாரத்துக்கு வாங்கி வளர்க்கிறோம். தீனி நம்முடையது, ஈனும் கன்றில் பாதி நமக்கு. ஆனால் அதன் காதில் மாட்டிய அடையாள வில்லை நிலக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் தொழுவத்து மாடுகளுக்கு ஊசி போட்டவர்கள், அவர் பெயரில் உள்ள எல்லாவற்றுக்கும் போட்டதாகப் பதிந்துவிட்டார்கள். தெருவில் பாதி மாடு இப்படித்தான். அப்பா, என் திரையில் நம் தெருவே இல்லை.

நேற்று அம்மா போனில் கிசுகிசுத்தாள். "மயிலைக்கு எச்சி நூலா ஒழுவுது கண்ணு. குளம்ப ஊனவே மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லிப்புடாத. சினை மாடு, தெரிஞ்சா நெலக்காரரு ஓட்டிக்கிட்டுப் போயிடுவாரு." எச்சிலில்தான் கோமாரி பரவும், பொதுத் தண்ணீர்த் தொட்டிக்கு விடாதே என்றேன். "உங்க கம்ப்யூட்டரு எச்சியக்கூடப் பாக்குமா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அதிகாரியிடம் போய், ஊசி போடாமலே பதிந்த மாடு இருக்கிறது, கணக்கு தவறு என்றேன். ஒரு மாட்டுக்காக மாடலை மாற்ற முடியாது என்றார்.

"ஒரு மாடு இல்லீங்க சார். ஒரு தெரு."

ஆதாரம் கேட்டார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் மயிலை. சொன்னால் அம்மா அதை இழப்பாள். சொல்லாவிட்டால் பக்கத்துக் கொட்டகை, அப்புறம் அதற்கடுத்தது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

சொல்லிவிட்டேன். நம் தெருவுக்குத் தனிப் புள்ளி வைத்து, அதைச் சிவப்பாக்கி மாடலை ஓட்டினேன். சிவப்பு ஊர் ஊராகத் தாண்டிப் பாப்பிரெட்டிப்பட்டி வரை ஓடியது. அதிகாரி உடனே மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். நாளைக் காலை ஊசி நம் தெருவுக்கே வருகிறது. அம்மா போனை எடுக்கவில்லை. நிலக்காரருக்குச் செய்தி போயிருக்குமா?

மொரப்பூர் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வாசலில் யார் நிற்பார்கள் என்று தெரியாது. யார் நின்றாலும் மயிலையின் கயிற்றை விடமாட்டேன். தெருவின் கடைசி மாடு வரை ஊசி போகாமல் அந்த டாக்டர் வண்டியையும் விடமாட்டேன்.

பயந்துகொண்டே வீட்டுக்கு வரும்
உன் மகள்